தோட்டத்துச் சுவரில் படம் வரைய இறங்குபவர்களுக்கு

இலங்கையின் மலையகத்தில் ஒரு சுவரைப் பார்த்து "இதில் வரையலாமே" என்று தோன்றினால், அது யாருடைய சுவர் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நகரத்தில் இதற்குப் பதில் சுலபம். கடைக்காரர், பாடசாலை, நகர சபை என்று யாராவது ஒருவர் இருப்பார். தேயிலைத் தோட்டத்தில் அப்படியில்லை. நாலு தலைமுறையாக ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடியிருக்கும் குடும்பத்துக்கும் அந்தச் சுவர் சொந்தமில்லை. நிலம் அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். காம்பராவுக்கு, அதாவது லயத்து அறைக்கு, ஒரு ஜன்னல் வைப்பதென்றாலும் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கேட்க வேண்டும். இந்த நிலைமையை மனதில் வைத்துக்கொள்ளாமல் தூரிகையைத் தூக்கினால், எவ்வளவு நல்ல படமும் அங்கே வாழ்பவர்களுக்கு யாரோ வந்து ஒட்டிவிட்டுப்போன விளம்பரம் போலத்தான் இருக்கும்.

நாங்கள் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்த ஒரு சின்னக் குழு. சித்திர ஆசிரியர்கள், பெயர்ப்பலகை எழுதுபவர், அச்சகத்தில் வேலை செய்பவர், கூத்து ஆடுபவர் என்று பலர் இருக்கிறோம். சுவரில் வரைகிறோம், வருசத்துக்கு ஒரு சிறு விழா எடுக்கிறோம், சேர்ந்த கதைகளைச் சிறு நூலாக அச்சிடுகிறோம். இதேபோல் செய்ய நினைக்கும் பிள்ளைகள் பதுளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் விசாரிப்பதால், எங்களுக்குப் பிடிபட்டதை எழுதிவைக்கிறேன்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் வர்ண வாளியோடு வீதிக்கு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பஸ் நிலையம், பாலம், பாடசாலை மதில் என்று எங்கும் படம் ஏறியது. அரசர்கள், குளங்கள், போர்வீரர்கள், யானைகள். கைக்காசு சேர்த்துத் தாங்களாகவே செய்த வேலை அது. அந்த உற்சாகத்தை இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் எங்கள் சனம் அந்தப் படங்களில் வந்த இடங்களில் நான் பார்த்தது ஒரே உருவம்தான்: கூடை சுமந்து, சிரித்துக்கொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் பெண். தேயிலைப் பெட்டியில் இருப்பவள் அப்படியே சுவருக்கு இடம் மாறியிருந்தாள். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் எல்லோருக்கும் தெரிந்தவர். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் வேலை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

தோட்டத்துக்குள் போனதும் முதல் வேலை வரைவதல்ல, உட்கார்ந்து பேசுவது. அதற்கு நாள் பார்க்க வேண்டும். வேலை நாளில் பெண்களைக் கூப்பிட்டால் அவர்களுக்கு அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போய்விடும், இல்லாவிட்டால் அரைப் பேர்தான் விழும். எந்தக் கலைக்காகவும் ஒருவருடைய நாள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து, தண்ணிக்குப் பீலிக்குப் போய், அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறு கொடுத்து அவர்கள் உட்காரும்போது இருட்டிவிடும். ஞாயிறு காலையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும்தான் எங்களுக்கு வாய்த்தன. சம்பள நாளை அடுத்துவரும் ஞாயிறு வேண்டாம், எல்லாரும் டவுனுக்குப் போய்விடுவார்கள்.

வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு நடந்த அந்தப் பேச்சுகள்தான் எங்கள் படங்களை மாற்றின. கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாயியிடம் "உங்களை எப்படி வரையட்டும்?" என்று கேட்டேன். "கூடையோட நிக்கிற படம் ஊரெல்லாம் கெடக்கு புள்ள. என்னைய உக்கார வச்சி வரைங்க" என்றார். அவ்வளவுதான். அந்த வாசிகசாலைச் சுவரில் இன்றைக்கும் அவர் ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கூடை இல்லை, இடுப்பில் கட்டும் படங்கு இல்லை, தலையில் கொங்காணி இல்லை. கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. தோட்டத்துப் பெண் தேயிலையைக் குடிக்கிற படத்தை அதற்கு முன் நான் எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

இன்னொரு இடத்தில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னது தராசை. நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். சரி, தராசையே வரைவோம், அதுவும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரிலேயே வரைவோம் என்று ஓவிய மாதிரி தயாரித்தோம். நிர்வாகம் அதைப் பார்த்துவிட்டு, மடுவத்தில் அனுமதியில்லை என்றது. நாங்கள் வாக்குவாதம் பண்ணவில்லை. அதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: படம் முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம், அடுத்த நாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்கப்போவது அந்தப் பெண்கள். பதில் சொல்ல வேண்டிவருவதும் அவர்கள்தான். அவர்களோடு பேசி, தோட்ட எல்லைக்கு வெளியே, பிரதேச சபைக்குரிய பஸ் தரிப்பிடச் சுவரில் அதே தராசை வரைந்தோம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள்.

அனுமதியை எப்போதும் எழுத்தில் வாங்குங்கள். பாடசாலை என்றால் அதிபரோடு வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் போக வேண்டும். கோயில் மதில் என்றால் கமிட்டி. பஸ் தரிப்பிடம், பொது நூலகம் என்றால் பிரதேச சபை. புகையிரத நிலைய மதில் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அனுமதி வரும் வழி நீளம். தோட்டத்துக்குள் என்றால் தொரையின் கடிதம் மட்டும் போதாது, தோட்டத் தலைவர்மாரிடமும் சொல்லவேண்டும். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். ஒருவரிடம் மட்டும் சொன்னால் படம் அந்தக் கட்சியின் படமாகிவிடும். நிறமும் அப்படித்தான். பின்னணிக்கு நீங்கள் யோசிக்காமல் எடுக்கும் நிறம் யாரோ ஒருவருடைய கொடியாக இருக்கும். தேர்தல் அறிவித்த பிறகு புதுச் சுவர் தொடவே வேண்டாம். கடிதத்தில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்வேன்: தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ சுண்ணாம்பு அடிக்கும்போது இந்தச் சுவரை விட்டுவிட வேண்டும் என்று. மாதக்கணக்கான வேலை ஒரு வாளிச் சுண்ணாம்பில் மறைவதை வேறு குழுக்களுக்கு நடந்து பார்த்திருக்கிறேன்.

கோயில் மதிலில் இன்னொரு சிக்கல் வரும். தப்பு என்ற பறையை அடிப்பவரை நடுவில் பெரிதாக வரையலாம் என்றதும் சிலர் முகம் மாறியது. காரணம் சாதி என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கூத்தும் வேணும், தப்பும் வேணும், அடிக்கிற ஆள் மட்டும் ஓரத்தில் நிற்க வேணும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. அந்தச் சுவரை விட்டுவிட்டு பாடசாலைச் சுவரில் அவரை நடுவிலேயே வரைந்தோம். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி லயச் சுவரைப் பற்றி. லயத்தின் வெளிச்சுவரில் நாங்கள் வரைவதில்லை. நீளமான சுவர், ஒரே மட்டம், ரயிலிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஓவியக்காரருக்கு அதைவிட ஆசையைத் தூண்டும் சுவர் கிடையாது. ஆனால் ஒரு தோட்டத்தில் ஒரு இளைஞர் எங்களைப் பார்த்து, "கூரை ஒழுகுது, செவுத்துக்குப் படம் எதுக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இருக்கவும் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும்போது அதன் வெளிப்பக்கத்தை அழகாக்கினால், பார்க்க வருகிற பயணிக்கு அது அழகு, உள்ளே இருப்பவருக்கு அதே ஈரம். எல்ல என்ற ஊர்ப் பக்கம் ரயிலில் வரும் சுற்றுலாக்காரர்கள் இறங்கிவந்து படம் எடுக்கும் இடமாக ஒருவருடைய வாசல் ஆகிவிடும். சென்னையில் மீள்குடியேற்றக் குடியிருப்பான கண்ணகி நகரில் 2020இல் பெரிய பெரிய சுவரோவியங்கள் வந்தபோதும் இதே விவாதம்தான் எழுந்தது. அந்தப் படங்களால் தங்கள் பகுதியின் கெட்டபெயர் குறைந்தது என்று சொன்னவர்களும் உண்டு, தண்ணீரும் வேலையும்தான் முதலில் என்றவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் எங்களுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டோம்: பொதுச் சுவர் மட்டும். வாசிகசாலை, சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, பாடசாலை, பஸ் தரிப்பிடம், தண்ணீர்த் தாங்கி. பெயின்ட் கம்பனி இலவசமாகத் தருகிறோம், எங்கள் சின்னத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். டவுன் கடைகளில் பாதி மிஞ்சிய டின்கள் கேட்டால் நிறையக் கிடைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் பெயின்ட் விலை கைக்கு எட்டாமல் போனபோது அந்த மிச்ச டின்களில்தான் வேலை ஓடியது.

சுவர் கிடைத்தபின் எதிரி மழை. எங்கள் மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஏப்ரலில் பின்னேர இடி மழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் சுவர் உண்மையில் காயும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கதை வேறு. அங்கே வடகீழ்ப் பருவமழை முடியும்வரை தொட முடியாது, ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை சுவர் நன்றாகக் காயும். ஒரு மாகாணத்து அட்டவணையை மற்றதற்குப் போட்டால் வீணாகிவிடும். சுவர் காயும் காலத்திலும் அதிகாலையில் தொடங்காதீர்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும். பத்து பாகைக்குக் கீழே எமல்ஷன் சரியாகப் படலம் பிடிக்காது. சுவரில் வெயில் பட்டு, தொட்டால் குளிராமல் இருக்கும்போது தூரிகை எடுத்து, மூன்று மணிக்கு முன் கடைசிப் பூச்சை முடித்துவிட வேண்டும். அதற்குமேல் பூசியதன்மேல் மூடுபனியும் பனித்துளியும் இறங்கினால் காலையில் கோடு கோடாக வழிந்திருக்கும்.

சுவரின் வகையைப் பார்க்கத் தெரிய வேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் ஏறத்தாழ 28 நாள் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் காரம் நிறத்தைத் தின்றுவிடும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போய்ப் பூக்கும். பாசி பிடித்த சுவருக்கு ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நாலைந்து நாள் வெயிலில் விட வேண்டும். பாசியின்மேல் நேரே பிரைமர் அடித்தால் அடுத்த மழைக்கே தோல் உரிந்துவரும். பழைய கருங்கல் கட்டடங்களுக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் ஒத்துவராது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் உள்ளே ஈரத்தை இழுத்து வெளியே விட்டபடி இருக்கும். அதை அடைத்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அங்கே சுண்ணாம்பிலேயே காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஒக்சைட் கலந்து அடியுங்கள். நிறங்கள் குறைவுதான், ஆனால் நிலைக்கும். பொதுவாகவே மண் நிறங்கள் உயரத்து வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற ரோஸும் ஊதாவும் இரண்டு வருசத்தில் வெளிறிவிடும். நிலத்திலிருந்து இரண்டடி உயரம்வரை முகம் எதையும் வரைய வேண்டாம், கூரைத் தண்ணி விழுந்து சேறு தெறிக்கும் இடம் அது. கரும்பழுப்பில் ஒரு பட்டை விட்டால் எப்போதும் சுத்தமாகத் தெரியும்.

சொரசொரப்பான சுவரில் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு எட்டுச் சதுர மீற்றர்கூடப் போகாது, டின்னில் எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். படத்தைச் சுவருக்கு மாற்ற புரொஜெக்டர் தேவையில்லை. கட்டம் போடுவது நல்ல வழிதான், ஆனால் சரிவு நிலத்தில் நூல் பிடிப்பது கஷ்டம். சுவர் முழுக்க வெவ்வேறு எழுத்துகளையும் குறிகளையும் கிறுக்கி, அதைப் போனில் படம் எடுத்து, ஓவிய மாதிரியை அதன்மேல் வெளிறலாகப் பொருத்திப் பார்த்தால் மூக்கு எந்தக் குறிக்குப் பக்கத்தில், கை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். இதைப் பிள்ளைகள் ஒரு காலையில் பழகிவிடுவார்கள். ஏறி நின்று வரையும் சாரத்துக்கு மூங்கிலோ யூகலிப்டஸ் கம்போ போதும், ஆனால் மேட்டுப் பக்கக் காலும் பள்ளத்துப் பக்கக் காலும் சமமாக நிற்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். சாரம் கட்டுமுன் பக்கத்து மரத்திலும் கற்பாறையிலும் குளவிக் கூடு இருக்கிறதா என்று அந்த மலையில் வேலை செய்பவர்களிடமே கேளுங்கள். குளவி கொட்டி உயிர் போவது தோட்டத்தில் அபூர்வமான செய்தியல்ல.

விழாவை நாங்கள் மாசிக்கும் பங்குனிக்கும் நடுவில் வைக்கிறோம். மேற்குச் சரிவு காயும் காலம் அது, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக் காலமும் அதுதான். மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றினால் தோட்டம் தானாகவே இரவில் விழித்திருக்கும். மன்மதனும் ரதியும் வேசம் கட்டி லயம் லயமாக வரும்போது, புதுச் சுவருக்கு முன்னால் ஒரு முறை நின்று ஆடச் சொல்வோம். அவ்வளவுதான் திறப்பு விழா. நாடா வெட்டுவதில்லை, மேடை போடுவதில்லை, மாலையில்லை. கொழும்பில் 1993 முதல் நடக்கும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தைக்கு ஒரு முறை போய்ப் பார்த்தபோது, ஓவியர் தன் படத்தின் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்று வருபவரோடு பேசியது எனக்கு மிகவும் பிடித்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் விழாவில் சுவருக்குப் பக்கத்தில் நின்று விளக்குவது ஓவியர் அல்ல, கதை சொன்னவர். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக் காலமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவரைச் சும்மா விட்டுவைத்தால் அங்கேதான் கூட்டம் அதிகம் நிற்கும்.

மழையில் சுவர் போய்விடும் என்பதால்தான் நூல் போடத் தொடங்கினோம். இது எங்களுக்குப் புதுசல்ல. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் 1930, 40களில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார், பாட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தார். கூட்டத்தில் கேட்ட பாட்டு காகிதத்தில் வீட்டுக்குப் போனது. எங்கள் நூல்களும் அந்த அளவுதான்: சுவருக்கு ஒன்று, பெரும்பாலும் 16 அல்லது 32 பக்கம். நடுவில் ஊசி அடிக்கும் கட்டு என்பதால் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும். உள்ளே கறுப்பு ஒரே நிறம், அட்டை மட்டும் வர்ணம். அச்சகத்தில் பெரிய தலைவலி எழுத்துரு. எங்கள் பக்க அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கின்றன. யூனிகோடிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போகும், அம்மாயி சொன்ன வார்த்தை வேறு வார்த்தையாகிவிடும். முடிந்தால் எழுத்துரு பதித்த பீடிஎஃப் ஆகக் கொடுங்கள், முடியாவிட்டால் மாற்றியபின் ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சுக்குப் போகுமுன் கதையைச் சொன்னவரிடம் திரும்பப்போய் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். பலர் சிலதை வெட்டச் சொல்வார்கள். கங்காணியைப் பற்றிச் சொன்னது, மகள் மத்திய கிழக்குக்குப் போன காரணம், கடன். வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி. பெயரும் தோட்டத்தின் பெயரும் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள், கதைக்குச் சம்மதித்தவர் பெயருக்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். முதல் பிரதிகள் கதை சொன்னவர்களுக்கு, பிறகு தோட்டத்து வாசிகசாலைக்கு, பாடசாலைக்கு. ஐஎஸ்பிஎன் எண் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்கலாம். 2005இலிருந்து இணையத்தில் ஈழத்து, மலையக நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்து லயக் காம்பராக்களில் 2007இலிருந்து இயங்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். குழுவோடு போனால் நல்லது. அங்கே இருக்கும் கூடை, பழைய பாத்திரங்களைப் பார்த்துவிட்டு வந்தபின் எங்கள் பிள்ளைகள் வரைந்த பொருட்களில் பொய் குறைந்தது.

2023இல் மலையகம் 200, அதாவது எங்கள் முன்னோர் இங்கே வந்து 200 வருசமானதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களோடு எங்களில் சிலர் சில தூரம் நடந்தோம். வழியில் கேட்ட ஊர்ப் பெயர்கள், இறந்தவர்களைப் பற்றிய சொற்கள் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றன. அதை ஒரு நீளச் சுவராக்க வேண்டும் என்பது ஆசை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் மண்ணுக்குள் போனவர்களுக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதை அந்தக் குடும்பங்கள் கூப்பிட்டால்தான் செய்ய வேண்டும், நாமாகப் போய்க் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சுவர் காயும் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், மழைக்காலத்திலேயே தொடங்குங்கள். நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் நீங்கள் நினைத்துவைத்திருக்கும் சுவர்களைப் போய்ப் பாருங்கள். எது ஒழுகுகிறது, எங்கே கூரைப் பீலித் தண்ணி திரும்பி வந்து அடிக்கிறது, எதன் முன்னால் சனம் ஒதுங்கி நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். சனம் ஒதுங்கி நிற்கும் சுவரைக் குறித்துக்கொண்டு, நீங்களும் அங்கே ஒதுங்கி நின்று பேச்சுக் கொடுங்கள். பெயின்ட் வாங்க ஜனவரி வரை நேரமிருக்கிறது.